கீழ் கொலராடோ ஆறும் சுரங்கங்களும்: எந்தத் தேடலுக்கு எந்தப் பழைய வரைபடம்?

அரிசோனா, நெவாடா, கலிபோர்னியா மூன்றும் முட்டிக்கொள்ளும் பாலை நிலம் இது. நீடில்ஸ் ஊரில் ஆண்டு மழை சராசரியாக 5 அங்குலத்துக்கும் குறைவு. நடுவே கொலராடோ ஆறு ஓடுகிறது. கிழக்கே பிளாக் மவுண்டன்ஸ் மலைத்தொடரில் ஓட்மன், கோல்ட்ரோடு தங்கச் சுரங்கங்கள். மேற்கே சர்ச்லைட், எல்டொராடோ கேன்யன். 1935-க்கும் 1951-க்கும் இடையில் ஹூவர், பார்க்கர், டேவிஸ் என்று மூன்று அணைகள் எழும்பின. நீராவிப் படகுகள் தாதுவை ஏற்றிய துறைகளும் பழைய ஆற்றுத் தடமும் பெருமளவு லேக் மீட், லேக் மொஹாவி, லேக் ஹவாசு ஆகிய நீர்த்தேக்கங்களுக்கு அடியில் போய்விட்டன. எனவே அந்தக் காலத்து நிலம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் வரைபடத்தைத்தான் நம்ப வேண்டும்.

வரைபடங்களுக்குப் பஞ்சமில்லை. 1858 முதல் இன்றுவரை குறைந்தது ஆறு வகை கிடைக்கின்றன; பெரும்பாலும் இலவசமாகவே தரவிறக்கலாம். எதை எடுப்பது என்பதில்தான் சிக்கல். 'இருப்பதில் பழையது' என்று போகிறவர்கள் அழகான படத்தோடு திரும்புவார்கள், இடம் கிடைக்காது. 'இருப்பதில் துல்லியமானது' என்று போகிறவர்கள் அணைக்குப் பிறகான ஆற்றைப் பார்த்துவிட்டுப் பழைய ஆறு என்று எழுதிவிடுவார்கள். கேள்வியைப் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு குறிப்பிட்ட சுரங்கத்தின் வாய் எங்கே என்பது ஒரு கேள்வி. ஓர் ஆண்டில் ஆறு எங்கே ஓடியது என்பது வேறு கேள்வி. மூழ்கிய நிலத்தின் உயரம் என்ன என்பது மூன்றாவது. பாதை, ஊற்று, ஊர்ப்பெயர் என்பது நான்காவது. நான்குக்கும் ஒரே வரைபடம் பதில் சொல்லாது.

ஐவ்ஸ், வீலர்: படிக்க வேண்டியவை, அளக்க வேண்டியவை அல்ல

லெப்டினன்ட் ஜோசப் ஐவ்ஸ் 'எக்ஸ்ப்ளோரர்' என்ற 54 அடி இரும்பு நீராவிப் படகில் ஆற்று முகத்திலிருந்து மேலேறி, 1858 மார்ச்சில் பிளாக் கேன்யன் வாசலில் பாறையில் மோதி நின்றார். அந்தப் பயணத்துக்கு வரைபடக்காரர் எக்லாஃப்ஸ்டைன் வரைந்த இரண்டு வரைபடங்கள் 1861 அறிக்கையோடு வந்தன. ஆற்றைக் காட்டுவது அங்குலத்துக்கு 6 மைல், அதாவது 1:3,80,160. மலைகளுக்கு நிழல் கொடுத்து, களிமண்ணில் செய்த மாதிரியைப் புகைப்படம் எடுத்ததுபோல் வரைந்திருப்பார், பார்க்கப் பிரமாதம். ஆனால் இந்த அளவில் காகிதத்தில் அரை மில்லிமீட்டர் தரையில் 190 மீட்டர். அதுகூடப் பரவாயில்லை, தீர்க்கரேகைதான் பெரிய தொல்லை. அது நேரத்தை நம்பி எடுத்தது. குரோனோமீட்டர் என்ற துல்லியக் கடிகாரம் 4 விநாடி பிசகினால் தீர்க்கரேகையில் 1 நிமிடம் போகும்; இந்த அட்சரேகையில் அது ஒன்றரை கிலோமீட்டர். இதைக் கொண்டுபோய்ச் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தி, 'ஆறு இவ்வளவு நகர்ந்திருக்கிறது' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் குரோனோமீட்டரின் பிசகைத்தான் அளக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஐவ்ஸ் போனது குளிர்காலத்திலும் மார்ச்சிலும், நீர் வற்றியிருந்தபோது. அணைகளுக்கு முன் கொலராடோவில் வெள்ளம் வருவது பனி உருகும் மே, ஜூனில். அவர் காட்டும் மணல்திட்டுகள் வறட்சிக்கால ஆற்றுடையவை. ஜூனில் அளந்த எந்தப் படத்தோடும் அதை ஒப்பிட முடியாது.

1871-ல் ஜார்ஜ் வீலர் கேம்ப் மொஹாவியிலிருந்து படகுகளை ஆற்றோட்டத்துக்கு எதிராக இழுத்துக்கொண்டு டயமண்ட் கிரீக் வரை போனார். அவருடைய சர்வே வெளியிட்ட ஷீட்டுகள் அங்குலத்துக்கு 8 மைல் அல்லது 4 மைல். மலைகளைச் சரிவுக்கோடுகளால் காட்டியிருக்கும். ராணுவ சர்வே என்பதால் பாதை, தண்ணீர், சுரங்க வட்டாரங்களின் பெயர் ஆகியவற்றில் அக்கறை அதிகம். 1870-களில் எந்த வட்டாரம் எந்தப் பெயரில் இயங்கியது, எந்த ஊற்றிலிருந்து எந்த ஊற்றுக்கு வண்டி போனது என்றால் வீலர் ஷீட் முதல் தேர்வு. இடம் குறிக்க எடுக்காதீர்கள்.

1:2,50,000 'கேம்ப் மொஹாவி' ஷீட்: எல்லோரும் எடுப்பது, அதிகம் ஏமாற்றுவது

அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனமான யுஎஸ்ஜிஎஸ் 1879-ல் பிறந்தது. 1880-களில் மேற்குப் பகுதியை அவசர அவசரமாக, ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி ஷீட்டுகளாக அளந்தது. அட்சரேகை 35-36, தீர்க்கரேகை 114-115-க்கு இடைப்பட்டது கேம்ப் மொஹாவி ஷீட். யுஎஸ்ஜிஎஸ்-இன் பழைய வரைபடங்கள் கிடைக்கும் டோபோவியூ தளத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவதும் அதுதான். சமவுயரக் கோடு, நீல நிற ஆறு, பழுப்பு மலை எல்லாம் இருப்பதால் நவீன டோபோ ஷீட் போலவே தோன்றும். அங்கேதான் ஏமாற்றம்.

இந்த வரிசையில் சமவுயரக் கோடுகளுக்கு இடைவெளி 200 அல்லது 250 அடி. அதைவிடக் குறைவான உயரமுள்ள குன்று இரண்டு கோடுகளுக்கு நடுவில் முழுசாக மறைந்துவிடலாம். சர்வேயர் சில சிகரங்களை முக்கோண அளவையால் பிடித்துக்கொண்டு, பிளேன் டேபிள் என்ற முக்காலிப் பலகையருகே நின்று, கண்ணுக்குத் தெரிந்ததை வரைந்தார். நின்ற இடத்திலிருந்து தெரியாத பள்ளத்தாக்கு அவர் கையின் ஊகம். சிகரங்களின் இடம் வியப்பூட்டும் அளவுக்குச் சரியாக இருக்கும். அவற்றுக்கு நடுவில் ஓடைகள் கிலோமீட்டர் கணக்கில் பிசகலாம். ஜியோரெஃபரன்ஸ் செய்பவர்கள், அதாவது பழைய படத்தை இன்றைய ஆயத்தொலைவோடு பொருத்துபவர்கள், இதை அறியாமல் ஓடைச் சந்திப்புகளைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளாக வைத்துப் படத்தை முறுக்கி எடுத்துவிடுவார்கள்.

சுரங்கம் தேடுகிறவருக்கு இதைவிடப் பெரிய குறை: காலம். சர்ச்லைட்டில் முதல் கிளெய்ம்கள் (தாது தோண்ட உரிமை கோரிய நிலத்துண்டுகள்) 1897-ல். ஓட்மன் வட்டாரத்தில் மாஸ் சுரங்கம் 1860-களிலேயே தெரிந்திருந்தாலும், டாம் ரீட், கோல்ட்ரோடு எல்லாம் 1900-க்குப் பின். யுனைடெட் ஈஸ்டர்ன் 1910-களின் நடுவில் பெரிய தாதுவைக் கண்டு 1924-ல் மூடியது. 1880-களில் அளந்த ஷீட்டில் இவை எப்படி இருக்கும்? ஆனால் அதே அச்சுத் தகடு பல ஆண்டுகள் மறுபதிப்பாக வந்துகொண்டிருந்தது. கீழ் ஓரத்தில் மறுபதிப்பு ஆண்டைப் பார்த்துவிட்டு 'அந்த வருஷ வரைபடத்திலேயே இந்தச் சுரங்கம் இல்லை' என்று முடிவு கட்டுவது இந்தத் துறையில் நிறைய பேர் விழும் குழி. யுஎஸ்ஜிஎஸ் ஷீட்டில் மூன்று ஆண்டுகள் இருக்கும்: அளந்த ஆண்டு, பதிப்பு ஆண்டு, மறுபதிப்பு ஆண்டு. உங்களுக்கு வேண்டியது முதலாவது மட்டும்.

ஆண்டை நம்ப முடியாதபோது படத்துக்குள்ளேயே சாட்சி தேடலாம். ரயில்பாதை நீடில்ஸை ஒட்டி ஆற்றைக் கடந்தால் 1883-90. கீழே டோபாக்கில் கடந்தால் 1890-ல் ரெட் ராக் பாலம் வந்த பிறகு. நெடுஞ்சாலை 66 ஓட்மன் மலை வழியாக வளைந்து போனால் 1950-களின் தொடக்கத்துக்கு முன்; யக்கா வழியாகப் போனால் அதற்குப் பின். 'போல்டர் அணை' என்று அச்சிட்டிருந்தால் அநேகமாக 1933-47. 1947-ல்தான் ஹூவர் பெயரைச் சட்டம் திரும்பக் கொடுத்தது. தேடும்போது மொஹாவி என்ற பெயரை ஆங்கிலத்தில் 'ஹெச்' வைத்தும் 'ஜே' வைத்தும் தட்டுங்கள். அரிசோனா ஒரு மாதிரி எழுதும், கலிபோர்னியா வேறு மாதிரி.

நில அலுவலகப் படங்கள்: சுரங்கத்துக்கு இதுதான்

அழகு இல்லை, நிறம் இல்லை, மலை இல்லை. ஆனாலும் சுரங்க வாயைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு ஆவணம்தான் எடுக்கலாம் என்றால் அரசு நிலங்களை அளந்து கொடுத்த ஜெனரல் லேண்ட் ஆபீஸின் (ஜிஎல்ஓ) படங்களைத்தான் எடுக்க வேண்டும். நம் ஊரில் டோபோ ஷீட்டுக்கும் சர்வே துறையின் புலப்படத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கேயும். ஒன்று நாட்டைக் காட்ட வரைந்தது. மற்றது எல்லைக்கல்லைக் காட்ட. இரண்டு வகை இருக்கின்றன, கலந்துவிடக் கூடாது.

முதலாவது டவுன்ஷிப் படம். நிலத்தை 6 மைல் சதுரமாக வெட்டி, அதை 36 செக்‌ஷனாகப் பிரித்து, ஒவ்வொரு மைலையும் 80 சங்கிலியாக நடந்து அளந்தார்கள். ஒரு சங்கிலி 66 அடி, அதாவது 20.1168 மீட்டர், 100 லிங்க். அளவையாளர் கோட்டின் மேல் நடக்கும்போது ஓடையைக் கடந்தால், பாதையைக் கடந்தால், எத்தனையாவது சங்கிலியில் கடந்தோம் என்று களக்குறிப்பில் எழுதுவார். அது பொன் போன்ற தகவல். ஆனால் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு மைல் அகலத்துக்கு அவர் வரைந்த ஓடை வெறும் கைவேலை. படத்தில் அந்த ஓடை ஒரே தடிமனில் தொடர்ச்சியாக ஓடும். கோட்டை வெட்டும் புள்ளிகளை மட்டுமே நம்ப வேண்டும்.

ஆற்றை எடுத்துக்கொண்டால் கரையோரமாகவே ஒரு கோடு அளந்து போவார்கள். கொலராடோவுக்கு மொஹாவி பள்ளத்தாக்கில் இந்தக் கரைக்கோடு அந்தந்த ஆண்டில் ஆறு எங்கே இருந்தது என்பதற்கு நல்ல சாட்சி. ஆனால் இரண்டு கரையும் இரண்டு மாநிலம். இரண்டு படங்களும் வெவ்வேறு ஆண்டில் எடுத்தவையாக இருந்தால், சேர்த்து வைக்கும்போது ஆறு அரை மைல் அகலமாகவோ சில இடங்களில் இரு கரையும் இடம் மாறித் தலைகீழாகவோ தெரியும். ஆறு அப்படி இல்லை. நடுவில் ஒரு வெள்ளம் வந்து போயிருக்கிறது, அவ்வளவுதான்.

எண்களிலும் ஒரு வம்பு உண்டு. மூன்று மாநிலங்களுக்கு மூன்று வெவ்வேறு தொடக்கப்புள்ளிகள். அரிசோனா பக்கம் கிலா-சால்ட் ஆறுகள் சேரும் இடத்திலிருந்து எண்ணுகிறார்கள். ஓட்மன் 'டவுன்ஷிப் 19 வடக்கு, ரேஞ்ச் 20 மேற்கு'. கலிபோர்னியாவில் சான் பெர்னார்டினோவிலிருந்து. நீடில்ஸ் '9 வடக்கு, 23 கிழக்கு' பக்கம். நெவாடாவோ சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே இருக்கும் மவுண்ட் டயாப்லோவிலிருந்து. லாஃப்லின் '32 தெற்கு, 66 கிழக்கு'. கிட்டத்தட்ட 450 மைல் தள்ளி நிற்கும் ஒரு மலையிலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறார்கள். பழைய அறிக்கையில் டவுன்ஷிப் எண் மட்டும் இருந்து எந்த மெரிடியன், அதாவது எந்தத் தொடக்கப்புள்ளி, என்று இல்லையென்றால், முதலில் மாநிலத்தை உறுதிசெய்யுங்கள்.

இரண்டாவது வகை மினரல் சர்வே. இதுதான் உண்மையான புதையல். 1872 சுரங்கச் சட்டப்படி தாதுநரம்பின் மேல் ஒரு கிளெய்ம் அதிகபட்சம் 1,500 அடி நீளம், நரம்பின் இருபுறமும் 300 அடி வீதம் 600 அடி அகலம். அதற்குப் பட்டா வேண்டுமென்றால் 500 டாலருக்கு வேலை செய்திருக்க வேண்டும். அந்த வேலையை அதிகாரபூர்வ அளவையாளர் அளந்து காட்ட வேண்டும். அதனால் படத்தில் எல்லையோடு சேர்த்து ஒவ்வொரு குழியும் கிடைச் சுரங்கமும் கட்டடமும் எந்த மூலையிலிருந்து எந்தத் திசையில் எத்தனை அடி, குழி எத்தனை அடி ஆழம் என்று இருக்கும். வழக்கமான அளவு அங்குலத்துக்கு 200 அடி, 1:2,400. டோபோ ஷீட்டில் ஒரு புள்ளியாக இருப்பது இங்கே ஒரு முழுப் பக்கம்.

எடுக்கும் முறை: இன்றைய 7.5 நிமிட ஷீட்டில் (அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டிலும் 7.5 நிமிடம் பிடிக்கும் டோபோ ஷீட்) சுரங்கம் எந்த செக்‌ஷனில் வருகிறது என்று பாருங்கள். நில மேலாண்மைப் பணியகத்தின் ஜிஎல்ஓ ரெக்கார்ட்ஸ் தளத்தில் அந்த டவுன்ஷிப்பின் மாஸ்டர் டைட்டில் பிளாட் என்ற நில உரிமைப் படத்தைத் திறங்கள். பட்டா பெற்ற கிளெய்ம்களின் மினரல் சர்வே எண் அதில் இருக்கும். அந்த எண்ணை வைத்துப் படத்தையும் களக்குறிப்பையும் எடுங்கள். தளத்தில் களக்குறிப்பு இல்லாவிட்டால் அந்தந்த மாநில அலுவலகத்தைக் கேட்க வேண்டும்: அரிசோனாவுக்கு ஃபீனிக்ஸ், நெவாடாவுக்கு ரீனோ, கலிபோர்னியாவுக்கு சாக்ரமென்டோ. பிறகு முதல் மூலை எதனோடு கட்டப்பட்டிருக்கிறது, அதாவது எந்தக் கல்லிலிருந்து திசையும் தூரமும் அளந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். செக்‌ஷன் மூலைக்கல்லோடு கட்டியிருந்தால் அதன் இன்றைய ஆயத்தொலைவு பணியகத்தின் கேட்என்எஸ்டிஐ தரவில் கிடைக்கும். அங்கிருந்து திசை, தூரம் போட்டு வரைந்துவிடலாம். டவுன்ஷிப் அளவை நடக்காத மலையாக இருந்தால் 'யுஎஸ் லொகேஷன் மான்யுமென்ட்' என்ற கல்லோடு கட்டியிருப்பார்கள். அப்போது அந்தக் கல்லைப் பிடிக்காமல் அதைச் சுற்றியுள்ள எல்லாக் கிளெய்மும் ஒன்றாகச் சேர்ந்து மிதக்கும். ஒன்றுக்கொன்று சரியாக இருக்கும், தரையோடு சரியாக இருக்காது.

மினரல் சர்வேயின் திசைகள் உண்மை வடக்கை ஒட்டியவை. ஆனால் சுரங்கக்காரர் தானே எழுதி ஒட்டிய லொகேஷன் நோட்டீஸ் காந்த ஊசியை நம்பியது. 1900 வாக்கில் இந்தப் பகுதியில் காந்த விலக்கம் (உண்மை வடக்கிலிருந்து ஊசி விலகும் கோணம்) சுமார் 14-15 டிகிரி கிழக்கு. இப்போது 11 டிகிரி அருகே. இன்றைய விலக்கத்தைப் போட்டு அந்த நோட்டீஸைத் திருத்தினால் 4 டிகிரி வரை பிசகும். 1,500 அடி கோட்டின் மறுமுனை அதனால் 100 அடி தள்ளி விழும். பக்கத்துக் கிளெய்முக்குள் போக அது போதும்.

குறை என்னவென்றால் பட்டா வாங்காத கிளெய்ம் எதுவும் இதில் இல்லை, அவைதான் பெரும்பான்மை. அவற்றுக்குக் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது) பதிவேடுகளுக்குப் போக வேண்டும். அங்கே எல்லை மாறிய வரலாறு தெரியாமல் போனால் வெறுங்கையோடு வருவீர்கள். சர்ச்லைட்டின் தொடக்க ஆண்டுகள் லாஸ் வேகஸில் தேட வேண்டியவை அல்ல. கிளார்க் கவுண்டி 1909-ல்தான் லிங்கன் கவுண்டியிலிருந்து பிரிந்தது. அதற்கு முன் கவுண்டித் தலைமையிடம் பியோச். எல்டொராடோ கேன்யனின் முதல் கிளெய்ம்கள் இன்னும் சுவாரசியம்: நெவாடாவின் இந்தத் தெற்கு முனை 1867 வரை அரிசோனா டெரிட்டரிக்குச் சொந்தம். அந்தக் காலத்துப் பதிவை அரிசோனாப் பக்கம்தான் முதலில் தேட வேண்டும்.

எல்லா டவுன்ஷிப் படமும் நேர்மையானது என்றும் நினைக்க வேண்டாம். 1880-களில் கலிபோர்னியாவில் பென்சன் சிண்டிகேட் என்று பின்னர் பெயர் பெற்ற கூட்டம், போகாத பாலைவனத்தைப் போய் அளந்ததாகக் குறிப்பு எழுதிக் கூலி வாங்கியது. களக்குறிப்பில் ஒவ்வொரு மைலும் சரியாக 80.00 சங்கிலி, ஓடையே குறுக்கிடவில்லை, நிலம் 'சமம்' என்று இருந்து, அந்த இடம் இன்று பார்த்தால் செங்குத்துப் பாறை என்றால், சந்தேகப்படுங்கள். பின்னால் மறு அளவை நடந்திருக்கிறதா என்று பார்த்து அதை எடுங்கள்.

மூழ்கிய நிலம்: 1923 திட்டப்படம்

ஹூவர் அணைக்கு இடம் தேடிய காலத்தில் யுஎஸ்ஜிஎஸ், கிளாட் பேர்ட்சை தலைமையில் 1923 ஆகஸ்டில் லீஸ் ஃபெரியிலிருந்து படகில் கிளம்பி கிராண்ட் கேன்யன் முழுவதையும் அளந்து அக்டோபரில் நீடில்ஸ் சேர்ந்தது. செப்டம்பரில் லாவா ஃபால்ஸ் அருகே ஒரே இரவில் ஆறு சுமார் 20 அடி ஏறியது. அதற்கிடையிலும் உயரக் கணக்கை விடாமல் கொண்டுவந்தார்கள். 1924-ல் வெளியான திட்டப்படமும் (மேலிருந்து பார்த்த படம்) நெடுக்குவெட்டும் (ஆற்றின் போக்கில் உயர இறக்கம்) லீஸ் ஃபெரி முதல் பிளாக் கேன்யன் வரையிலும், வர்ஜின் ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் நிலத்தைக் காட்டுகின்றன. அளவு 1:31,680, அங்குலத்துக்கு அரை மைல். நிலத்தில் சமவுயரக் கோடு 50 அடிக்கு ஒன்று. ஆற்று நீர்மட்டத்தில் 5 அடிக்கு ஒன்று. ஒவ்வொரு ஆற்றுவீழ்ச்சியும் எத்தனை அடி இறங்கியது என்று எண்ணிவிடலாம்.

லேக் மீடுக்கு அடியில் இருப்பதைப் பார்க்க இதற்கு நிகர் வேறில்லை. 1948-49-ல் ஏரியின் அடிமண்ணை அளந்த சர்வே ஒன்றும் உண்டு. ஆனால் அதற்குள் ஆறு கொண்டுவந்த வண்டல் மேல்முனையில் படிந்துவிட்டது. அசல் தரை வேண்டுமென்றால் 1923-க்குத்தான் வர வேண்டும். ஆனால் திட்டப்படம் ஆற்றை ஒட்டிய ஒடுக்கமான பட்டை மட்டுமே. ஆற்றிலிருந்து விலகி மலைமேல் இருக்கும் சுரங்கத்தை இதில் தேடுவது வீண். உயரத்தை இன்றைய எண்ணோடு ஒப்பிடும்போதும் எச்சரிக்கை தேவை: பழைய உயர டேட்டத்துக்கும் (உயரத்தை எண்ணத் தொடங்கும் அடிப்படை மட்டம்) இன்றைய டேட்டமான நாவ்டு 88-க்கும் இந்தப் பகுதியில் 2 அடிக்கு மேல் வித்தியாசம் உண்டு. 50 அடிக் கோட்டில் அது தெரியாது. 5 அடி நீர்மட்டக் கணக்கில் தெரியும்.

பிளாக் கேன்யனுக்குக் கீழே, லேக் மொஹாவி மூழ்கடித்த எல்டொராடோ துறை, காட்டன்வுட் பள்ளத்தாக்கு ஆகியவற்றுக்கு இந்தப் படம் உதவாது. அங்கே 1902-03-ல் பாசன, அணைத் திட்டங்களுக்காக எடுத்த ஆற்றுப் பள்ளத்தாக்கு ஷீட்டுகளைத் தேடுங்கள். மொஹாவி பள்ளத்தாக்கில் அணைக்கு முந்தைய ஆற்றுக்கும் அவையே நல்ல தேர்வு. இந்தப் பள்ளத்தாக்கு ஆற்றைக் குறித்து இன்னொன்று: இன்று நீடில்ஸ் பக்கம் ஓடும் நேரான ஆறு இயற்கையானது அல்ல. பார்க்கர் அணை நீர் தேங்கியதும் டோபாக் அருகே வண்டல் படிந்து ஆற்றுப் படுகை உயர்ந்தது, நீடில்ஸில் வெள்ளம் புகுந்தது. அதனால் 1949-லிருந்து தூர்வாரும் இயந்திரம் வைத்துத் தோண்டி ஆற்றை நேராக்கினார்கள். 1950-க்குப் பிந்தைய எந்த ஷீட்டும் பழைய ஆற்றைக் காட்டாது என்பதற்குக் காரணம் இது.

15 நிமிட ஷீட்: டோபோ ஷீட் ஒன்றே ஒன்று என்றால்

விமானப் படங்களிலிருந்து எடுத்த 15 நிமிட, 1:62,500 ஷீட்டுகள் இந்தப் பகுதிக்குப் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தவை. ஒரு ஷீட் இங்கே சுமார் 28 கிலோமீட்டர் உயரமும் 23 கிலோமீட்டர் அகலமும் பிடிக்கும். ஷீட்டின் அடியில் தேசியத் துல்லியத் தரத்தை எட்டியது என்று அச்சிட்டிருந்தால், தெளிவான புள்ளிகளில் 90 சதவீதம் அச்சில் ஐம்பதில் ஒரு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். தரையில் 32 மீட்டர். 7.5 நிமிட 1:24,000 ஷீட்டில் அது 12 மீட்டர்.

பிறகு ஏன் துல்லியமான 7.5 நிமிடத்தை விட்டு 15 நிமிடத்தைச் சொல்கிறோம்? காலம்தான் காரணம். ஓட்மன் போன்ற வட்டாரங்களில் பெரிய வேலை 1942-ல் தங்கச் சுரங்கங்களை மூடிய அரசாணையோடு நின்றது. அதற்குச் சில ஆண்டுகளுக்குள் எடுத்த விமானப் படத்தில் வண்டிப் பாதை, ஆலையின் கழிவுமேடு, தண்ணீர்க் குழாய் எல்லாம் இன்னும் கிடந்தன. 7.5 நிமிட ஷீட்டுகள் பெரும்பாலும் 1960-களுக்குப் பின். அதற்குள் பாதை அழிந்து, ஆலை இரும்பை விற்றுவிட்டார்கள். ஊதா நிறத்தில் திருத்தம் இருந்தால் அது விமானப் படத்தைப் பார்த்து மட்டும் சேர்த்தது, தரையில் போய்ச் சரிபார்க்காதது. 2009-க்குப் பின் வரும் யுஎஸ் டோபோ ஷீட்டுகள் சுரங்கத் தேடலுக்குக் கிட்டத்தட்டப் பயனற்றவை. பழைய ஷீட்டின் சுரங்கக் குறிகளில் பெரும்பாலானவை அவற்றில் இல்லை.

குறிகளைப் பிரித்துப் படிக்கத் தெரிய வேண்டும். பாதி நிரப்பிய சிறு சதுரம் செங்குத்துக் குழி. வாய் திறந்த கவட்டை போன்றது கிடைச் சுரங்கம். வெறும் பெருக்கல் குறி தோண்டிப் பார்த்து விட்ட இடம். குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல் கல்குவாரி அல்லது திறந்தவெளிக் குழி. இந்தக் குறிகளை 7.5, 15 நிமிட ஷீட்டுகளிலிருந்து புள்ளிகளாகப் பெயர்த்து யுஎஸ்ஜிஎஸ் 'யுஎஸ்மின்' என்ற தரவாக வெளியிட்டிருக்கிறது. வட்டாரத்தில் எத்தனை குழி என்று ஒரு பார்வை பார்க்க அது போதும். பெயர் பெரும்பாலும் இருக்காது. ஒரு புள்ளிக்குப் பெயர் வைக்க மினரல் சர்வேக்குத்தான் திரும்ப வேண்டும்.

இங்கே அதிகம் நடக்கும் தவறு டேட்டத்தில், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகையை எந்த அடிப்படையில் எண்ணுகிறோம் என்பதில். பழைய ஷீட் நாட் 27 என்ற டேட்டத்தில் இருக்கும். ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84-ல். அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே மாற்றாமல் போட்டால் இந்தப் பகுதியில் சுமார் 80 மீட்டர் கிழக்கு-மேற்காகப் பிசகும். மீட்டரில் எண்ணும் யுடிஎம் கட்ட எண்ணை மாற்றாமல் போட்டால் வடக்கு-தெற்காகவே 200 மீட்டர் அளவுக்குப் போகும். எல்லாப் புள்ளியும் ஒரே திசையில் ஒரே அளவு தள்ளியிருந்தால் வரைபடத்தைத் திட்டாதீர்கள், டேட்டத்தைப் பாருங்கள்.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பொருத்தும்போது ஷீட்டின் நான்கு மூலை, உள்ளே 5 நிமிடத்துக்கு ஒன்றாக இருக்கும் சிலுவைக் குறிகள் ஆகியவற்றை மட்டும் கட்டுப்பாட்டுப் புள்ளியாக எடுங்கள். நாட் 27 என்று குறித்துவிட்டு முதல்படிப் பாலினோமியல் (படத்தை வளைக்காமல் நகர்த்தி, சுழற்றி, நீட்டும் முறை) போதும். பொருத்தியபின் செக்‌ஷன் மூலைகளை வைத்துச் சோதியுங்கள். ஆற்று வளைவு, பாதைச் சந்திப்பு, கட்டடம் எதையும் புள்ளியாக வைக்காதீர்கள். அவைதான் நீங்கள் சோதிக்க வந்தவை. தின் பிளேட் ஸ்ப்லைன் போட்டால் பிழை பூஜ்யம் என்று காட்டும், ஏனென்றால் அது படத்தை எந்தப் புள்ளிக்கும் வளைத்துக் கொடுக்கும். 1:2,50,000 ஷீட்டுக்குச் சிகரங்களில் உள்ள முக்கோணப் புள்ளிகளைச் சேர்க்கலாம், ஓடைகளைக் கூடாது. 600 டிபிஐ ஸ்கேனில் ஒரு பிக்சல் 1:62,500-ல் 2.6 மீட்டர் என்பதால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கத் தோன்றும். வரைபடத்தின் சொந்தத் துல்லியம் 32 மீட்டர்தான். ஸ்கேன் அதைக் கூட்டாது.

சுரங்க வட்டாரங்களைப் பற்றிய யுஎஸ்ஜிஎஸ் புல்லட்டின்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செர்பட், பிளாக் மவுண்டன்ஸ் இரண்டுக்கும் ஷ்ரேடரின் 1909 புல்லட்டின் 397. ஓட்மனுக்கு ரான்சமின் 1923 புல்லட்டின் 743. நூலக ஸ்கேன்களில் மடித்து வைத்த வரைபடத் தகடுகள் அடிக்கடி மடிப்போடே ஸ்கேன் ஆகியிருக்கும், அல்லது விட்டுப்போயிருக்கும். யுஎஸ்ஜிஎஸ்-இன் சொந்த வெளியீட்டுக் கிடங்கில் தகடுகள் தனிக் கோப்பாக இருக்கும். அந்தத் தகட்டில் உள்ள சுரங்கப் பெயரையும் மினரல் சர்வேயில் உள்ள கிளெய்ம் பெயரையும் ஒத்துப் பாருங்கள். கம்பெனியின் பெயர் ஒன்றாகவும் கிளெய்மின் பெயர் வேறாகவும் இருப்பது வழக்கம். ஒரே சுரங்கம் பல கிளெய்ம்களின் மேல் கிடக்கும், அறிக்கையில் வரும் பெயர் கம்பெனியுடையது, பட்டாவில் வருவது கிளெய்முடையது.